ஹைட்ரஜன் ஊர்திகள்: இரு நூற்றாண்டுச் சோதனைகளின் வரலாறு

ஹைட்ரஜனால் ஓடும் ஊர்தியை நாளைய உலகின் ஊர்தி என்று எழுதுவது நாளிதழ்களின் வழக்கமாகிவிட்டது. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அது நாளைய ஊர்தி அன்று. நேற்றைய ஊர்தியும் அன்று. பெட்ரோல் காருக்கும் மூத்தது. கார்ல் பென்ஸ் தம் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886ஆம் ஆண்டில். அதற்கு 79 ஆண்டுகளுக்கு முன்பே, 1807 ஜனவரியில், ஃபிரான்சுவா ஐசாக் டி ரிவாஸ் என்பார் ஹைட்ரஜன் வாயுவை வெடிக்கச் செய்து ஓட்டும் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

டி ரிவாஸ் இன்றைய சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில் வாழ்ந்தவர். படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மூடிய குழலுக்குள் வாயுவை மின்பொறியால் வெடிக்கச் செய்யும் கருவி ஒன்றை வோல்டா ஆக்கியிருந்தார். அதுவே டி ரிவாஸுக்கு வழிகாட்டியது. நிமிர்ந்து நின்ற ஓர் உருளைக்குள் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்து வெடிக்கும். பிஸ்டன் மேலே எழும்பும். அது தன் எடையால் கீழே இறங்கும்போது கயிறும் கப்பியும் சக்கரத்தைத் திருப்பும். வாயு ஒரு பலூன் பையில் அடைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் அடைப்பைக் கையால் திறந்து மூட வேண்டியிருந்தது. 1813இல் இதனினும் பெரிய வண்டி ஒன்றையும் அவர் கட்டி ஓட்டிக் காட்டினார். அது சென்றது சில மீட்டர் தூரமே. எனினும் சென்றது.

அவ்வண்டி ஏன் வழக்கிற்கு வரவில்லை? கருவி முரடானது என்பது ஒரு விடை. அதனினும் ஆழமான விடை, அக்காலத்தில் ஹைட்ரஜன் எவ்வாறு கிடைத்தது என்பதில் இருக்கிறது. 1783 ஆகஸ்டில் ஜாக் சார்ல் பாரிஸில் பறக்கவிட்ட முதல் ஹைட்ரஜன் பலூனை நிரப்ப ஏறத்தாழ அரை டன் இரும்புத் துண்டுகளின் மீது கால் டன் கந்தக அமிலத்தை ஊற்ற வேண்டியிருந்தது. பலூனின் கொள்ளளவு 35 கன மீட்டர். அதிலிருந்த வாயுவை நிறுத்துப் பார்த்தால் மூன்று கிலோ தேறும். இன்று ஜப்பானியர் விற்கும் ஹைட்ரஜன் கார் ஒன்றின் கொள்கலம் ஐந்து கிலோவுக்கு மேல் கொள்ளும். அமிலமும் இரும்பும் கொண்டு நாள்தோறும் வண்டி ஓட்ட இயலுமா?

இந்தக் கேள்வியை நாம் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது; இக்கட்டுரை முழுவதும் அதுவே நம்முடன் வரப்போகிறது. ஹைட்ரஜன் ஊர்தியின் வரலாற்றில் சோதனைக்கு உள்ளானது பெரும்பாலும் வண்டி. வண்டி ஏறக்குறைய எல்லாத் தேர்விலும் தேறிற்று. வாயு எங்கிருந்து வரும் என்ற தேர்வே ஒவ்வொரு தலைமுறையிலும் தள்ளிவைக்கப்பட்டது.

ஹைட்ரஜன் என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். 1766இல் கேவண்டிஷ் இதனை 'எரியும் காற்று' என்று தனித்து அறிந்தார். பின்னர் லவாய்சியே கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'நீரைப் பிறப்பிப்பது' என்ற பொருளில் இப்பெயரை இட்டார். தமிழில் 'நீரகம்' என்று வழங்கியோர் அப்பொருளை ஓரளவு காத்தனர். பெயரிலேயே உண்மை அடங்கியிருக்கிறது. இவ்வாயு எரிந்தால் நீர் பிறக்கும். ஆகவே நீர் எரிபொருளன்று. எரிந்து முடிந்த சாம்பல். 'தண்ணீரில் ஓடும் கார்' என்று அவ்வப்போது எழும் ஆரவாரங்களைக் கேட்டு மகிழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர். சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமெனில், விறகு எரிந்தபோது தந்த ஆற்றலினும் சற்று மிகுதியாகவே நாம் கொடுத்தாக வேண்டும்.

அவ்வாறு கொடுக்கும் வழியை 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் கண்டனர். வோல்டாவின் மின்னடுக்கை நீரில் இணைத்து, நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்தனர். 1839ஆம் ஆண்டளவில் வேல்ஸ் நாட்டவரான வில்லியம் குரோவ் அச்செயலைத் தலைகீழாக்கினார். இரு வாயுக்களையும் பிளாட்டினத் தகடுகள் வழியே சேரவிட, நீர் உண்டாயிற்று, மின்சாரமும் பிறந்தது. எரிபொருள் மின்கலம் என்று இன்று நாம் அழைப்பதன் தொடக்கம் அதுவே. குரோவ் தொழிலால் வழக்கறிஞர். பின்னாளில் நீதிபதியாகவும் அமர்ந்தார். அவருடைய கலம் ஏறத்தாழ நூறாண்டுகள் ஆய்வுக்கூடத்தின் வியப்புப் பொருளாகவே இருந்தது.

1923இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய ஓர் உரையில் ஜே.பி.எஸ். ஹால்டேன், நிலக்கரி தீர்ந்த பின் இங்கிலாந்து காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஹைட்ரஜனைத் திரவமாக்கிச் சேமித்து வாழும் என்று முன்னுரைத்தார். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே உயிரியல் அறிஞர்தாம். வண்டியைப் பற்றி அன்று அவர் அதிகம் பேசவில்லை. வாயு எங்கிருந்து வரும் என்பதைப் பேசினார். அந்த வகையில் பின்வந்த பொறியாளர் பலரினும் அவர் தெளிவாக இருந்தார் என்பது எம் கருத்து.

அதன் பின் வந்த பெரும் சோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் நிகழவில்லை. முற்றுகையிடப்பட்ட ஒரு நகரத்தில் நிகழ்ந்தது. 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் லெனின்கிராட் நகரை வளைத்துக்கொண்டன. வானூர்திகள் தாழப் பறந்து குண்டு வீசாதவாறு, ஹைட்ரஜன் நிரப்பிய பெரும் பலூன்கள் நகரின் மேல் கம்பி வடங்களில் நிறுத்தப்பட்டிருந்தன. நாளடைவில் பலூனுக்குள் வெளிக்காற்று புகுந்து வாயுவின் தூய்மை கெடும். தூக்கும் வலிமை குன்றும். அப்போது பலூனைக் கீழே இறக்கிப் பழைய வாயுவை வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும். வடத்தைச் சுற்றி இறக்கும் பொறியை இயக்கியவை ஜி.ஏ.இஸட். லாரிகளின் எஞ்சின்கள். நகருக்குள் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பலூன்களை இறக்கவும் வழியில்லை, ஏற்றவும் வழியில்லை என்ற நிலை வந்தது.

பலூன் படைப்பிரிவில் தொழில்நுட்ப அலுவலராக இருந்த போரிஸ் ஷெலிஷ்ச் என்னும் இளைஞர், காற்றில் வீணே விடப்படும் அந்தப் பழைய ஹைட்ரஜனையே லாரி எஞ்சினுக்கு ஊட்டினால் என்ன என்று எண்ணினார். பலூனிலிருந்து ஒரு குழாயை இழுத்து எஞ்சினின் காற்று நுழைவாயிலில் பொருத்தினார். எஞ்சின் உடனே இயங்கிற்று. வேகத்தைக் கூட்டியபோது உருளைக்குள்ளிருந்து தீ பின்னோக்கிப் பாய்ந்து, குழாய் வழியே பலூனைப் பற்றியது. வாயு வெடித்தது, ஷெலிஷ்சும் காயமுற்றார். அவர் சோதனையைக் கைவிடவில்லை. எஞ்சினுக்கும் பலூனுக்கும் இடையே ஒரு நீர்த்தடுப்பை வைத்தார். வாயு நீருக்குள் குமிழியிட்டு வெளிவரும். தீயோ நீரைக் கடந்து திரும்பிச் செல்ல இயலாது. அதன் பின் நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் இம்முறையில் மாற்றப்பட்டன. மாற்றப்பட்டவை பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட சாதாரண எஞ்சின்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஷெலிஷ்சின் வெற்றிக்குக் காரணம் என்ன? துணிவு, அறிவு, நீர்த்தடுப்பு. இவை யாவும் உண்மை. ஆயினும் அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. அங்கே வாயு ஏற்கெனவே இருந்தது, வீணாகவும் போய்க்கொண்டிருந்தது. அதனை ஆக்குவதற்கான செலவு வேறொரு கணக்கில் எழுதப்பட்டிருந்தது. முற்றுகை நீங்கியது, பெட்ரோல் வந்தது, பலூன்கள் இறங்கின, ஹைட்ரஜன் லாரிகளும் அவற்றுடன் மறைந்தன.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1937 மே 6ஆம் நாள், ஹிண்டன்பர்க் வான்கப்பல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் தளத்தில் தீப்பற்றி 36 பேர் மாண்டனர். அந்நிகழ்ச்சி படமாக்கப்பட்டு உலகெங்கும் காட்டப்பட்டதால், ஹைட்ரஜன் என்றாலே அழிவு என்ற அச்சம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. இவ்வாயு காற்றில் 4 விழுக்காடு கலந்தாலும் எரியும், 75 விழுக்காடு கலந்தாலும் எரியும். மிகச் சிறு பொறியே போதும். சுடர் பகலில் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் இது காற்றினும் பதினான்கு மடங்கு இலேசானது. கசிந்தால் தரையில் தேங்காமல் மேலே விரைந்து எழுந்துவிடும். 2001இல் மியாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்வெய்ன் இரு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றில் ஹைட்ரஜன் கசிவுக்கும் மற்றொன்றில் பெட்ரோல் கசிவுக்கும் தீ வைத்துப் படமெடுத்தார். ஹைட்ரஜன் சுடர் செங்குத்தாக எழுந்து சிறிது நேரத்தில் அணைந்தது. காரின் உட்புறம் கெடவில்லை. பெட்ரோல் கார் முழுவதும் எரிந்து போயிற்று. திறந்த வெளியில் நிகழ்ந்த சோதனை அது. மூடிய கொட்டகையில் நிலைமை வேறு என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

இனி மீண்டும் குரோவின் கலத்துக்கு வருவோம். அதனை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே கொணர்ந்தவர் ஃபிரான்சிஸ் தாமஸ் பேக்கன் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1930களில் தொடங்கிய அவர் முயற்சி கனிய ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. குரோவ் பயன்படுத்திய அமிலத்தை விடுத்து, அவர் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் காரக் கரைசலை எடுத்துக்கொண்டார். காரம் உலோகத்தை அவ்வளவாக அரிக்காது. எனவே விலையுயர்ந்த பிளாட்டினத்தின் இடத்தில் நிக்கல் போதுமாயிற்று. இத்தகைய கலத்தை மேலை மொழிகளில் 'ஆல்கலைன்' கலம் என்பர். அச்சொல் அரபியின் 'அல்-கிலீ' என்பதிலிருந்து சென்றது. உவர் நிலச் செடிகளை எரித்து, அவற்றின் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தை அரபு நாட்டார் சோப்புக்கும் கண்ணாடிக்கும் பயன்படுத்தினர், அச்சாம்பலே அல்-கிலீ. பொட்டாசியத்தின் குறியீடு இன்றும் 'கே' என்று இருப்பதற்குக் காரணமான 'காலியம்' என்ற பெயரும் அதே வேரில் கிளைத்தது. பேக்கனின் கலத்தில் இருந்தது பெயராலும் பொருளாலும் பழைய சாம்பற்காரந்தான்.

1959இல் பேக்கன் தம் கலத்தைக் கேம்பிரிட்ஜில் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். ஐந்து கிலோவாட் அளவில் மின்சாரம் தந்த அக்கலம், சுமை தூக்கும் வண்டி ஒன்றையும் வட்ட ரம்பத்தையும் வெல்டிங் கருவியையும் இயக்கிற்று. அக்கலத்தின் உரிமையைப் பெற்ற அமெரிக்க நிறுவனம் அதனை வளர்த்து அப்போலோ விண்கலங்களுக்கு அளித்தது. நிலவுக்குச் சென்றோர்க்கு மின்சாரமும் குடிநீரும் ஒரே கலத்திலிருந்து கிடைத்தன. விண்ணிலே செலவைக் கேட்பார் இல்லை. திரவ ஹைட்ரஜனோ அங்கே ஏற்கெனவே உடன் சென்றது. லெனின்கிராடின் பாடம் வேறொரு உருவில் மீண்டும் வந்தது எனலாம்.

விண்ணில் வென்றதைத் தரைக்குக் கொண்டுவர ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1966இல் முயன்றது. எலக்ட்ரோவேன் என்னும் அவ்வண்டியில் திரவ ஹைட்ரஜனுக்கு ஒரு கலன், திரவ ஆக்ஸிஜனுக்கு ஒரு கலன், 32 மின்கலத் தொகுதிகள், இவற்றை இணைக்கும் நீண்ட குழாய்கள் என வேனின் உட்புறம் முழுவதும் நிரம்பிவிட்டது. எஞ்சியது இருவர் அமரும் இடமே. எடை மூன்று டன்னுக்கு மேல். மணிக்கு நூறு கிலோ மீட்டர் வேகத்தை அது எட்டிற்று. ஆயினும் பாதுகாப்பு கருதி நிறுவனத்தின் வளாகத்துக்கு வெளியே அதனை ஓட்டவில்லை. அதில் கலப்பணி ஆற்றிய நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் கோர்டெஷ் என்ற ஆஸ்திரிய வேதியியலார் வேறு வழியை நாடினார். தம் சிறிய ஆஸ்டின் காரின் கூரைமேல் ஹைட்ரஜன் உருளைகளைக் கட்டினார். ஆக்ஸிஜனுக்கு வெளிக்காற்றையே கொண்டார். உடன் துணையாக ஈய மின்கலங்களையும் வைத்தார். 1970 முதல் மூன்று ஆண்டுகள் ஒஹையோ மாநிலத்தின் பொதுச் சாலைகளில் அதனைத் தாமே ஓட்டினார். பெருநிறுவனத்தின் வேனினும் இத்தனிமனிதரின் கார் நமக்குக் கற்பிப்பது அதிகம். எரிபொருள் கலமும் சாதாரண மின்கலமும் கைகோத்து இயங்கும் இன்றைய அமைப்புக்கு அதுவே முன்மாதிரி.

1973 அக்டோபர்ப் போரை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் கட்டுப்படுத்தியபோது, மேலை நாடுகள் திடுக்கிட்டு மாற்றுவழி தேடின. இஸ்தான்புல்லில் பிறந்து மியாமி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நெஜாத் வெஸிரோக்லு, 1974 மார்ச்சில் ஹைட்ரஜன் பொருளாதாரம் பற்றிய முதற் பெரும் மாநாட்டை அங்கே கூட்டினார். உலக ஹைட்ரஜன் ஆற்றல் கழகமும் அதன் ஆய்விதழும் அவர் முயற்சியால் உருவானவை. எண்ணெய் ஒருநாள் தீரும். சூரிய ஒளி தீராது. ஒளியை வாயுவாக்கிக் கப்பலேற்றலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். வண்டியினும் மூலத்தையே முதலில் பேசியவர்களுள் ஹால்டேனுக்கு அடுத்து இவரை வைக்கலாம்.

எண்ணெய் வளத்தின் நடுவிலேயே இக்கருத்துக்குச் செவிசாய்த்தவர்களும் இருந்தனர். ரியாத் நகருக்கு அருகே உயைனாவில் 1980களின் தொடக்கத்தில் 350 கிலோவாட் சூரிய மின் நிலையம் ஒன்று எழுந்தது. 1986இல் சவூதி அரேபியாவும் ஜெர்மனியும் 'ஹைசோலார்' என்ற கூட்டுத் திட்டத்தைத் தொடங்கி, அந்த மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜன் ஆக்கும் சோதனையை நடத்தின. வெயில் ஏறி இறங்கும்போது மின்பகுப்புக் கருவி அதற்கு ஈடுகொடுக்குமா என்பதே அங்கு ஆராயப்பட்ட வினா. ஈடுகொடுக்கும் என்று கண்டனர். 1986இல்தான் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. மலிவான எண்ணெய்க்கு முன்னால் விலையுயர்ந்த வாயு நிற்கவில்லை.

வண்டியின் பக்கம் இதற்கிடையில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. காரக் கரைசலின் இடத்தில் மெல்லிய நெகிழிச் சவ்வைக் கொண்ட கலம் 1960களில் ஜெமினி விண்கலத்துக்காக ஆக்கப்பட்டிருந்தது. கனடாவின் வான்கூவரில் ஜெஃப்ரி பாலர்டின் குழு 1980களில் அதனைக் கையிலெடுத்து, அளவைச் சுருக்கி ஆற்றலைப் பெருக்கிற்று. 1993இல் அவர்களுடைய பேருந்து ஓடிற்று. 1994இல் டைம்லர் நிறுவனத்தின் முதற் சோதனை வண்டி வந்தபோது, 1966ஆம் ஆண்டு வேனைப் போலவே கருவிகள் வண்டியை நிரப்பி இருவருக்கே இடம் விட்டன. 1999இல் அதே நிறுவனம் அவ்வளவையும் ஒரு சிறு காரின் தரைக்கடியில் ஒடுக்கிவிட்டது. ஐந்தாண்டுகளில் இத்துணை முன்னேற்றம் கண்டோர், பத்தாண்டுகளில் தெருவெங்கும் ஹைட்ரஜன் கார்கள் என்று நம்பியதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கையை ஒரு நாடே சோதித்துப் பார்த்தது. ஐஸ்லாந்து தன் மின்சாரத்தில் ஏறத்தாழ முழுவதையும் அருவிகளிலிருந்தும் நிலத்தடி வெப்பத்திலிருந்தும் பெறுகிறது. வீடுகளுக்கும் நிலத்தடி வெந்நீரே வெப்பம் தருகிறது. எண்ணெயைக் கப்பலில் வரவழைத்தது பெரிதும் ஊர்திகளுக்கும் மீன்பிடிக் கலங்களுக்குமே. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிராகி ஆர்னசன் 1970களிலிருந்தே, மிகுந்திருக்கும் மின்சாரத்தால் ஹைட்ரஜன் ஆக்கி எண்ணெயை அறவே விட்டுவிடலாம் என்று சொல்லிவந்தார். பல்லாண்டுகள் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை; 'பேராசிரியர் ஹைட்ரஜன்' என்று பெயர் வைத்ததோடு சரி. 1999இல் அரசின் ஆதரவுடன், டைம்லர்கிரைஸ்லர், ஷெல், நார்ஸ்க் ஹைட்ரோ ஆகிய மூன்று பெருநிறுவனங்களும் சேர்ந்த ஒரு கூட்டு நிறுவனம் உருவானது. 2003 ஏப்ரல் 24ஆம் நாள் தலைநகர் ரெய்க்யவிக்கில் ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் திறக்கப்பட்டது. வாயு எங்கிருந்தோ லாரியில் வரவில்லை. நிலையத்திலேயே நீரைப் பகுத்து ஆக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மூன்று பேருந்துகள் நகர வழித்தடத்தில் இறங்கின. கூரைமேல் ஒன்பது உருளைகளில் 350 பார் அழுத்தத்தில் வாயு. ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழ 200 கிலோ மீட்டர்.

அதே காலத்தில் ஐரோப்பாவின் ஒன்பது நகரங்களில் 27 பேருந்துகள் ஓடின. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் மூன்று ஓடின. பெர்த் பேருந்துகளுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரஜன் வந்தது. வண்டியிலிருந்து நீராவி மட்டும் வெளிவந்தது; ஆலையின் புகைபோக்கி பயணியர் கண்ணுக்கு அப்பால் இருந்தது. ரெய்க்யவிக் சோதனையை நாம் தனித்து மதிப்பதற்குக் காரணம் இதுவே. அருவியிலிருந்து சக்கரம் வரை முழுச் சங்கிலியும் அங்கே அளக்கப்பட்டது.

பேருந்துகள் நம்பியதற்கும் மேலாக உழைத்தன. 2007 தொடக்கம் வரை ஓடின. மக்கள் அஞ்சவில்லை, விரும்பி ஏறினர். குறை வேறிடத்தில் வெளிப்பட்டது. பேருந்து நூறு கிலோ மீட்டருக்கு 20 கிலோவுக்கும் மேற்பட்ட ஹைட்ரஜனை உண்டது. ஒரு பேருந்தின் விலை பத்து இலட்சம் யூரோவைத் தாண்டிற்று. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் வங்கிகள் சரிந்தபோது, நாட்டின் முன்னுரிமைகள் மாறின. அதற்குப் பின் லித்தியம் மின்கலங்களின் விலை பத்தாண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அருவி மின்சாரம் ஐஸ்லாந்தின் கார்களுக்குச் சென்றது உண்மை; வாயுவாக மாறாமல் மின்சாரமாகவே சென்றது.

கணக்கு எளியது. ஒரு கிலோ ஹைட்ரஜனை நீரிலிருந்து எடுக்கச் சுமார் 55 யூனிட் மின்சாரம் செலவாகும். அதைக் கொண்டு ஒரு கார் ஏறத்தாழ நூறு கிலோ மீட்டர் ஓடும். அதே 55 யூனிட்டை மின்கலக் காருக்கு ஊட்டினால் முந்நூறு கிலோ மீட்டர் ஓடும். இது எவருடைய திறமைக் குறைவும் அன்று. மின்சாரத்தை வாயுவாக்கி, வாயுவை அழுத்தி, மீண்டும் மின்சாரமாக்கும் ஒவ்வொரு படியிலும் இயற்கை தன் சுங்கத்தை எடுத்துக்கொள்கிறது. பிஎம்டபிள்யூ நிறுவனம் 2006-07இல் நூறு கார்களைச் செய்து திரவ ஹைட்ரஜனை எஞ்சினிலேயே எரித்துப் பார்த்தது. மைனஸ் 253 பாகையில் வைத்த திரவம், காரை நிறுத்திவைத்தாலும் சிறிது சிறிதாக ஆவியாகிப் போயிற்று. அவ்வழி அத்துடன் நின்றது.

2014 டிசம்பரில் டொயோட்டாவின் மிராய் விற்பனைக்கு வந்தது. 700 பார் அழுத்தம் தாங்கும் கார்பன் இழைக் கொள்கலம், ஐந்து நிமிடத்துக்குள் நிரப்பும் வசதி, உறைபனியிலும் கிளம்பும் கலம் என்று வண்டியின் குறைகள் யாவும் தீர்ந்திருந்தன. கொள்கலங்களை நெருப்பில் இட்டும் துப்பாக்கியால் சுட்டும் சோதித்தே விற்றனர். ஆயினும் 2019 ஜூனில் நார்வேயின் ஓஸ்லோ அருகே நிரப்பு நிலையம் ஒன்று வெடித்தது; 2024இல் ஷெல் நிறுவனம் கலிஃபோர்னியாவில் கார்களுக்கென வைத்திருந்த தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடிற்று. வண்டி இருந்தும் வாயு கிடைக்காமல் அதன் உரிமையாளர்கள் தவித்தனர். 2023ஆம் ஆண்டில் உலகில் ஆக்கப்பட்ட ஏறத்தாழ 970 இலட்சம் டன் ஹைட்ரஜனில் மாசு குறைந்த வழியில் வந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வந்தது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வெளியேறும்.

நம் நாட்டின் சோதனைகளும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. வாரணாசியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஓ.என். ஸ்ரீவாஸ்தவா, அழுத்தக் கொள்கலம் இன்றி உலோகத் தூளுக்குள் ஹைட்ரஜனை உறிஞ்சவைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டினார். 2012இல் தில்லியின் பிரகதி மைதானத்தில் மஹிந்திரா நிறுவனம் ஆக்கிய 15 ஹைட்ரஜன் ஆட்டோக்கள் ஓடின. ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பு இஸ்தான்புல்லில் நடத்திவந்த ஹைட்ரஜன் ஆய்வு மையம் அதற்குத் துணை நின்றது.

2013 ஜூலையில் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் டாட்டா மோட்டார்ஸும் இஸ்ரோவும் இணைந்து ஆக்கிய எரிபொருள் கலப் பேருந்து ஓட்டிக் காட்டப்பட்டது. ஏன் மகேந்திரகிரி? அங்குதான் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. ஹைட்ரஜனைக் குளிர்விக்கவும் அடைக்கவும் கையாளவும் பழகிய கைகள் அங்கே இருந்தன. லெனின்கிராடில் பலூன், அப்போலோவில் விண்கலம், மகேந்திரகிரியில் ராக்கெட். வேறொரு பணிக்கென வந்த வாயுவோ அதனைக் கையாளும் கலையோ இருந்த இடத்தில்தான் வண்டி எளிதில் ஓடியிருக்கிறது.

2023 ஜனவரியில் நடுவண் அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் என்பது இலக்கு. அதன் முதற் பயனாளிகளாக எண்ணப்படுபவை உர ஆலைகளும் சுத்திகரிப்பு ஆலைகளும். வண்டிகள் அடுத்த வரிசையில் நிற்கின்றன. எம் மதிப்பில் இவ்வரிசை சரியானதே. மின்கலத்தால் இயலும் வேலையை வாயுவிடம் கொடுப்பது வீண். உரம், எஃகு போன்று மின்கலத்தால் இயலாத வேலைகளுக்கே அரிதான தூய வாயு முதலில் செல்ல வேண்டும்.

ஊர்திகளுள் மின்கலத்தால் எளிதில் இயலாதது எது என்ற வினா மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நெடுந்தொலைவு செல்லும் கனரக லாரிகளையும், மின்கம்பி இல்லாத இருப்புப் பாதைகளையும் சிலர் சுட்டுகின்றனர். ஜெர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்தில் 2018 முதல் ஹைட்ரஜன் ரயில்கள் பயணியரை ஏற்றி ஓடின. அம்மாநிலமே 2023இல், இனி வாங்கப்போவது மின்கல ரயில்கள் என்று அறிவித்தது. 2025 ஜூலையில் சென்னை பெரம்பூரின் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் இந்தியாவின் முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதித்துப் பார்க்கப்பட்டது. அது ஓட வேண்டிய பாதை ஹரியானாவில் ஜிந்துக்கும் சோனிபட்டுக்கும் இடையில், 89 கிலோ மீட்டர். அதற்கு வேண்டிய வாயுவை ஆக்க ஜிந்தில் ஒரு மெகாவாட் மின்னாற்பகுப்புக் கருவி திட்டமிடப்பட்டது. அது இரவு பகலாக இயங்கினால் நாளொன்றுக்கு 430 கிலோ ஹைட்ரஜன் தரும். அதற்கு நாள்தோறும் 24,000 யூனிட் மின்சாரம் உண்ணும். பெரம்பூர்ப் பெட்டி தேறிற்று என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அந்த 24,000 யூனிட்டும் எந்த நிலையத்திலிருந்து எந்நேரத்தில் வருகின்றன என்ற கணக்கு வெளியாகும் நாளில்தான் அச்சோதனையின் முடிவை நாம் படித்தவர்களாவோம்.